பரிந்துரைக் கடிதம் கேட்கப் போகுமுன்…

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பிளஸ் டூ முடித்த பிள்ளையைச் சட்டக் கல்லூரியில் சேர்க்க யாருடைய சிபாரிசும் தேவையில்லை. அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்கான இடங்களை, தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மதிப்பெண்ணையும் இடஒதுக்கீட்டையும் பார்த்து ஒதுக்குகிறது. முஸ்லிம் பிற்படுத்தப்பட்டோருக்கான 3.5 சதவீதம் அதில் அடங்கும். பெரும்பாலான தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்குக் கிளாட் நுழைவுத் தேர்வு. ஆகவே எம்.எல்.ஏ. கடிதம், முத்தவல்லி கடிதம் என்று பெற்றோர் அலைய வேண்டாம்.

கடிதம் தேவைப்படுவது அதற்குப் பிறகுதான். சென்னை அரசு சட்டக் கல்லூரி 2018இல் இரண்டாகப் பிரிந்து புதுப்பாக்கத்துக்கும் பட்டரைபெரும்புதூருக்கும் போனது. அவற்றில் ஒன்றில் படித்து முடித்த நம் வீட்டுப் பெண் வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் எல்.எல்.எம். படிப்புக்கு இரண்டு கடிதம் கேட்கும். ஹார்வர்டு குறைந்தது இரண்டு கேட்கும். ஆக்ஸ்ஃபோர்டின் பி.சி.எல். படிப்புக்கு மூன்று. பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகைக்கும் இருவர் பரிந்துரைக்க வேண்டும். கம்பெனிச் சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்கு அந்த உதவித்தொகை கிடைக்காவிட்டால் வெளிநாட்டுப் படிப்பே இல்லை. அதனால் இந்தக் கடிதத்தைச் சம்பிரதாயம் என்று நினைத்துவிடக் கூடாது.

ஆனால் நடப்பது என்ன? வகுப்பில் எண்பது பேர். பேராசிரியருக்கு முகம் நினைவிருக்கும், வேலை நினைவிருக்காது. கடைசி வாரத்தில் போய் நின்றால், "ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி, எதிர்காலம் பிரகாசமாக அமைய வாழ்த்துகிறேன்" என்று எழுதித் தருவார். அன்போடு எழுதியதுதான். ஆனால் அதையே எண்பது பேருக்கும் எழுதலாம் என்பது படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

சட்டம் படித்த பிள்ளைகளுக்கு இதைச் சாட்சியச் சட்டத்தை வைத்தே விளக்கலாம். 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, சாட்சி தான் நேரில் கண்டதையும் கேட்டதையுமே சொல்ல வேண்டும் என்றது. 159ஆம் பிரிவு, சாட்சி ஆவணத்தைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொள்ள அனுமதித்தது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியம் வந்துவிட்டது. ஆனாலும் அடிப்படை மாறவில்லை. பரிந்துரைப்பவர் ஒரு சாட்சி. அவர் நினைவைப் புதுப்பிக்க ஆவணம் கொடுக்கலாம். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கக் கூடாது.

அப்படியானால் எதைக் கொடுப்பது? மிக முக்கியமானது, அவரிடமே செய்த வேலை. உதாரணமாக, 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் பற்றி மூன்றாம் ஆண்டில் அவரிடம் புராஜெக்ட் சமர்ப்பித்திருந்தால், அவர் சிவப்பு மையில் திருத்திய அந்தப் பிரதியே வேண்டும். தெளிவாக டைப் செய்த புதுப் பிரதியைவிட அது பயன்படும். "முதல் வரைவில் தீர்ப்புகளைச் சரியாகப் பொருத்தவில்லை, சுட்டிக்காட்டியதும் ஒரே வாரத்தில் மாற்றி எழுதினாள்" என்று அவரால் எழுத முடியும். மதிப்பெண் பட்டியலில் இது வராது. மூட் கோர்ட் போட்டிக்கு அவர் வழிகாட்டியிருந்தால் அந்த மெமோரியலையும் சேர்க்கவும்.

அதோடு ஒரே ஒரு பக்கம் எழுதவும். எந்த ஆண்டு, எந்தத் தாள், என்ன மதிப்பெண். என்ன படிக்கப் போகிறேன், ஏன். "ஒரகடத்தில் அத்தா பத்து வருடமாக ஒப்பந்தத் தொழிலாளி, 2024இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிற்சாலையில் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தபோது சங்கப் பதிவு என்றால் என்ன என்று தேடிப் படித்தேன்" என்று உண்மை இருந்தால் அதை அப்படியே எழுதுங்கள். "சமூக நீதியில் ஆர்வம்" என்ற வரியைவிட அது எவ்வளவோ மேல். சான்றிதழ்களை மூட்டையாகக் கட்டிக் கொடுக்க வேண்டாம். பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிப் பரிசு இங்கே எதற்கு?

மூத்த வழக்கறிஞரிடம் ஜூனியராக இருந்தவர்கள், அவர் பார்த்துத் திருத்திய மனுக்களின் பட்டியலைக் கொடுக்கலாம். கட்சிக்காரர் பெயரும் ரகசியமும் அதில் வெளியே போகக் கூடாது.

இனி, எல்லோரும் அறிந்தும் பேசாத ஒன்று. "நீயே எழுதிட்டு வாம்மா, கையெழுத்து போட்டுத் தர்றேன்" என்பார்கள். பாசத்தில் சொல்வதுதான். ஆனாலும் ஒப்புக்கொள்ள வேண்டாம். மூன்று பேர் கடிதமும் ஒரே நடையில் இருந்தால் படிப்பவருக்குப் புரியும். பொய் ஆவணம் என்று முடிவானால் கிடைத்த இடமும் ரத்தாகலாம். அதைவிட, இன்னொருவர் சாட்சியத்தை நாமே எழுதுவது சட்டம் படித்தவருக்கு அழகா? "சார், நீங்கள் பார்த்ததை மட்டும் குறிப்பாகத் தந்திருக்கிறேன், வாசகம் உங்களுடையதாக இருக்கட்டும்" என்று மரியாதையாகச் சொல்லலாம். நேரமில்லை என்றால் வேறு ஆசிரியரைப் பாருங்கள். பெயர் பெற்றவர் எழுதும் பொதுவான நான்கு வரியைவிட, உங்களை அறிந்த இளம் ஆசிரியர் எழுதும் ஒரு பக்கம் மேல்.

கடிதம் பெரும்பாலும் உங்கள் கைக்கு வராது. பல்கலைக்கழகமோ, அமெரிக்கக் கல்லூரிகளுக்காக எல்சாக் அமைப்போ, பேராசிரியரின் மின்னஞ்சலுக்கு நேரடியாக இணைப்பு அனுப்பும். கல்லூரி முகவரி இருந்தால் அதையே கொடுங்கள். ஸ்பேம் பெட்டியையும் பார்க்கச் சொல்லுங்கள். எந்தப் பல்கலைக்கழகம், கடைசித் தேதி என்ன என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். குறைந்தது ஆறு வாரம் முன்னதாகக் கேளுங்கள்; செமஸ்டர் விடைத்தாள் திருத்தும் நாட்களில் யாருக்கும் நேரம் இருக்காது. கெடுவுக்குப் பத்து நாள் முன்பு ஒரு முறை நினைவூட்டினால் தவறில்லை.

அமெரிக்க விண்ணப்பத்தில், கடிதத்தைப் படித்துப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று கேட்பார்கள். ஆம் என்றே குறியுங்கள். மாணவர் பார்க்க மாட்டார் என்று தெரிந்தால்தான் ஆசிரியர் மனதில் உள்ளதை எழுதுவார், படிப்பவரும் நம்புவார்.