மலைமேல் சர்வர் பார்க்கப்போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

காவலூர் வானாய்வகத்தில் சர்வர் பொறுப்பு உனக்குக் கிடைத்திருக்கிறது என்று சித்தி போனில் சொன்னார். கேட்டதும் மனசு நிறைந்துபோனது. ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறும் அந்தச் சாலையில்தான் 1986 ஜனவரியில் வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. 1988 பிப்ரவரியில் அங்கே கண்டுபிடித்த சிறுகோளுக்குக் கணிதமேதை ராமானுஜன் பெயரை வைத்தார்கள். ஒரு விண்மீன் வெடித்த இரவில் பதிவாகி உன் சர்வரில் இருக்கும் படம் தொலைந்தால் அந்த இரவு மறுபடி வராது. அதனால்தான் லாகின் கணக்குகளைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்கே வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் வாரத்திலேயே யாராவது ஒருவர் நல்லெண்ணத்தோடு, "ரூட் பாஸ்வேர்டு இதுதாம்மா, எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்பார். வாங்கிக்கொள். ஆனால் அதை வைத்து வேலை செய்யாதே. உள்ளே போனதும் உன் பெயரில் தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கு. மற்றவர்களுக்கும் அவரவர் பெயரில் கணக்கு போட்டுக்கொடு. அதற்குப் பிறகு அந்த ரூட் பாஸ்வேர்டை மாற்று.

தனிச் சர்வரில் இதை ஒழுக்கம் என்று சொல்லலாம். விர்ச்சுவல் மெஷின்கள் ஓடும் ஹோஸ்டில் இதை விட்டால் வேறு வழியே இல்லை. ஒரு மெஷினுக்குள் இருக்கும் ரூட்டின் அதிகாரம் அந்த மெஷினோடு முடிந்தது. ஹோஸ்டின் ரூட்டுக்கோ உள்ளே ஓடும் எதன் பாஸ்வேர்டும் தேவையில்லை. டிஸ்க் ஃபைலை நகலெடுத்து வேறிடத்தில் திறக்கலாம், எல்லா மெஷினையும் ஒரே மூச்சில் அழிக்கலாம். 2023 பிப்ரவரியில் ரான்சம்வேர் ஒன்று உலகமெங்கும் இஎஸ்எக்ஸ்ஐ என்ற மென்பொருள் ஓடும் ஆயிரக்கணக்கான ஹோஸ்டுகளைத் தாக்கியது. அது மெஷின்களுக்குள் நுழையவே இல்லை. வெளியிலிருந்தபடியே டிஸ்க் ஃபைல்களைப் பூட்டியது. அது பயன்படுத்திய ஓட்டைக்கு இரண்டு வருடம் முன்பே திருத்தம் வந்திருந்தது.

வானியல்காரர்கள் நடுவில் இருக்கப்போகிறாய், கிளிஃபர்ட் ஸ்டோலின் கதை உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் இருந்த வானியலாளர் அவர். ஆராய்ச்சிப் பணம் தீர்ந்துபோனதால் 1986-ல் கணினிப் பிரிவுக்கு வந்தார். கம்ப்யூட்டர் உபயோகக் கணக்கில் 75 சென்ட் இடித்தது. வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். அவர் விடவில்லை. மாதக்கணக்கில் துரத்தி, மேற்கு ஜெர்மனியின் ஹானோவரில் உட்கார்ந்தபடி அமெரிக்க ராணுவக் கணினிகளைத் துழாவிய மார்கஸ் ஹெஸ் வரை போய்ச் சேர்ந்தார். திருடியதை அவனும் கூட்டாளிகளும் சோவியத் உளவுத்துறைக்கு விற்றிருந்தார்கள். அவன் ஆய்வகத்துக்குள் நடமாடியது அங்கே அப்போது வேலையே செய்யாத ஒருவரின் கணக்கில். ஆள் போய்விட்டார், கணக்கை யாரும் மூடவில்லை. வேறு சில இடங்களில் 'ஃபீல்டு' என்ற கணக்கும் 'சர்வீஸ்' என்ற பாஸ்வேர்டும் கம்ப்யூட்டர் செய்த கம்பெனி வைத்தபடியே மாறாமல் கிடந்தன. ஏறக்குறைய 40 வருடம் கழித்தும் இந்த இரண்டு வாசலும் பல இடங்களில் திறந்தே கிடப்பதைப் பார்க்கிறேன், வயிறு எரிகிறது.

காவலூரின் வழக்கமே உனக்கு நல்ல முன்மாதிரி. ஆய்வாளர் விண்ணப்பிக்கிறார், குழு பரிசீலித்து இத்தனை இரவு என்று ஒதுக்குகிறது. அவருடைய லாகினும் அந்த இரவுகளோடு முடியட்டும். பிராக்ஸ்மாக்ஸ் என்ற ஹோஸ்ட் மென்பொருளில் பயனர் கணக்கு போடும்போதே காலாவதித் தேதிக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அதைக் காலியாக விடாதே. வெறும் பார்வை மட்டும் போதும் என்றால் ஆடிட்டர் ரோல் கொடு. தன் மெஷினை ஆன், ஆஃப் செய்யவேண்டியவருக்கு அந்த மெஷின் மீது மட்டும் விஎம்-யூசர் ரோல் கொடு. பேக்கப் ஸ்கிரிப்ட்டுக்கு மனிதரின் பாஸ்வேர்டை எழுதிவைக்காமல் தனி டோக்கன் எடு. அதன் ரகசிய எழுத்துகள் திரையில் ஒரே ஒரு தடவைதான் தெரியும். ஜன்னலை மூடுவதற்கு முன் பாஸ்வேர்டு மேனேஜரில் போட்டுவிடு.

உரிமைகளை எங்கிருந்து யார் கொடுக்கிறார்கள் என்பதையும் துருவிப் பார். இஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்டைப் பயனர் விவரங்களை வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரியோடு இணைத்தால், 'இஎஸ்எக்ஸ் அட்மின்ஸ்' என்ற பெயரில் இருக்கும் எந்தக் குழுவையும் அது முழு நிர்வாகியாக ஏற்றுக்கொண்டிருந்தது. அப்படி ஒரு குழு இல்லாத இடத்தில் தாக்குபவனே அந்தப் பெயரில் குழு தொடங்கித் தன்னைச் சேர்த்துக்கொண்டான். ரான்சம்வேர் கும்பல்கள் இதைப் பயன்படுத்துவதை 2024 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்று என்று யாராவது வற்புறுத்தினால், அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான என்ஐஎஸ்டி 2017-லேயே அதைக் கைவிட்டதைச் சொல். கசிந்ததாகத் தெரிந்தால் மாற்றினால் போதும். நீளமாக வை, கூடவே இரண்டாவது அடையாளமும் வை.

அந்த இரண்டாவது அடையாளத்தில்தான் மலைக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. போனில் 30 நொடிக்கு ஒருமுறை மாறும் எண் கடிகாரத்தை நம்பியிருக்கிறது. கோடை இடியில் கரண்ட் போய், வெளி இணைப்பும் அறுந்து, சர்வரின் கடிகாரம் சில நிமிடம் தவறி எழுந்தால் சரியான எண்ணைப் போட்டாலும் உள்ளே விடாது. பயனர் விவரங்களை வைத்திருக்கும் டைரக்டரி சர்வரே அதே ஹோஸ்டில் ஒரு விர்ச்சுவல் மெஷினாக இருந்தால் இன்னும் மோசம். ஹோஸ்டுக்குள் போக டைரக்டரி வேண்டும், டைரக்டரியை எழுப்ப ஹோஸ்டுக்குள் போகவேண்டும். ஆகவே எதையும் சாராத உள்ளூர்க் கணக்கு ஒன்று இருக்கட்டும். அதன் நீண்ட பாஸ்வேர்டையும் மீட்புக் குறியீடுகளையும் காகிதத்தில் எழுதி, கவரில் ஒட்டி, பீரோவில் வை. திறந்தது யார், எதற்கு, எப்போது என்று பதிவேட்டில் எழுதவேண்டும்.

மழைக்காலத்தில் வானம் மூடிக்கிடக்கும்போது ஒரு பகல் நேரமாகப் பார்த்து, மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு, வெளி இணைப்பை வேண்டுமென்றே கழற்று. கவரைப் பிரித்து உள்ளே போகமுடிகிறதா என்று பார். முடிந்தால் புதுப் பாஸ்வேர்டு வைத்து, புதுக் கவரில் தேதி போட்டுக் கையெழுத்திடு. முடியவில்லையென்றால் எனக்குப் போன் பண்ணு. எந்த நேரமானாலும் எடுப்பேன்.

அன்புடன்,
அண்ணன்