வருடாந்த அனுமதிச்சீட்டும் முற்பதிவு செய்து வராதோரும்

க.பொ.த. (சாதாரண தரம்) – வணிகக் கல்வியும் கணக்கீடும்
அலகு: சேவை வணிகமும் வாடிக்கையாளரும் (விடய ஆய்வு)

இப்பாடத்தைக் கற்றபின் நீங்கள்,
• சேவையைக் களஞ்சியப்படுத்த முடியாது என்பதை உதாரணத்துடன் விளக்குவீர்கள்.
• முற்பதிவு செய்து வராமையால் வணிகத்துக்கும் ஏனைய நுகர்வோருக்கும் ஏற்படும் இழப்பைக் கணிப்பீர்கள்.
• வராமையைக் குறைக்கும் வழிமுறைகளை ஒப்பிட்டு, பொருத்தமானதைக் காரணங்காட்டித் தெரிவுசெய்வீர்கள்.

அறிமுகம்

பாடசாலை நூலகத்தில் ஒரேயொரு பிரதியுள்ள நூலொன்றை ஒரு மாணவர் தமக்கென ஒதுக்கிவைக்கும்படி கேட்கிறார். நூலகர் ஒதுக்கி வைக்கிறார். மாணவரோ அதை எடுக்க வரவேயில்லை. அந்த வாரம் முழுவதும் நூல் அலுமாரியிலே இருக்கிறது. அதைத் தேடி வந்த வேறு மூன்று மாணவர்கள் வெறுங்கையுடன் திரும்பிச் செல்கின்றனர். ஒதுக்கச் சொன்னவருக்கு எந்த நட்டமும் இல்லை. நட்டம் பிறருக்கே.

இதே பிரச்சினை உல்லாசப் பூங்கா, மிருகக்காட்சிச்சாலை, அருங்காட்சியகம் போன்ற பார்வையிடும் இடங்களிலும் உண்டு. அதனை உலகப் புகழ்பெற்ற ஒரு பூங்காவை உதாரணமாகக் கொண்டு ஆராய்வோம்.

1. அறிந்திருக்க வேண்டிய சொற்கள்

வருடாந்த அனுமதிச்சீட்டு: ஒருமுறை பணம் செலுத்தி, ஒரு வருட காலத்துக்குப் பல தடவைகள் உட்செல்லும் உரிமையைத் தரும் சீட்டு.
முற்பதிவு: குறித்த ஒரு நாளுக்குரிய இடத்தை முன்கூட்டியே தனக்கென ஒதுக்கிக்கொள்ளல்.
வராமை: முற்பதிவு செய்தவர் அதனை இரத்துச் செய்யாமலும் சமுகமளிக்காமலும் விடுதல்.
கொள்ளளவு: ஒரு நாளில் பாதுகாப்பாகவும் வசதியாகவும் அனுமதிக்கக்கூடிய உச்ச எண்ணிக்கை.
தடைநாள்: குறித்த வகைச் சீட்டை வைத்திருப்போர் உட்செல்ல முடியாதென முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட நாள்.

2. சேவையைக் களஞ்சியப்படுத்த முடியாது

கடையில் இன்று விற்காத சவர்க்காரத்தை நாளை விற்கலாம். ஆனால் இன்று வெறுமையாகப் போன பேருந்து ஆசனத்தை நாளை விற்க முடியாது. பூங்காவின் ஒரு நாள் இடமும் அவ்வாறானதே. அந்த நாள் முடிந்ததும் அதன் பெறுமதியும் முடிந்துவிடுகிறது.

மேலும், பூங்காவின் செலவுகளிற் பெரும்பகுதி நிலையான கிரயமாகும். ஊழியர் சம்பளம், இயந்திரப் பராமரிப்பு, காப்புறுதி என்பன அன்று எத்தனை பேர் வந்தாலும் பெரிதும் மாறுவதில்லை. முற்பதிவு எண்ணிக்கையைப் பார்த்தே ஊழியர் தொகையும் உணவு ஆயத்தமும் திட்டமிடப்படுகின்றன. எனவே பதிவு செய்தோர் வராதுவிடின் செலவு குறையாது, வருமானம் மட்டுமே குறையும்.

3. வருடாந்தச் சீட்டு வைத்திருப்போர் ஏன் வராது விடுகின்றனர்?

ஒருநாட் சீட்டு வாங்கியவர் வராவிட்டால் பொதுவாக அவரது பணம் வீணாகிறது. ஆகவே அவர் எப்பாடுபட்டாவது வருவார். வருடாந்தச் சீட்டு வைத்திருப்பவரின் நிலை வேறு.

(அ) பணம் முன்னரே செலுத்தப்பட்டுவிட்டது. மேலதிகமாக ஒரு நாளைப் பதிவு செய்வதற்கு அவருக்குச் செலவில்லை.
(ஆ) இன்று போகாவிட்டால் இன்னொரு நாள் போகலாம் என்ற எண்ணம் உண்டு.
(இ) பின்னர் இடம் கிடைக்காது என்ற அச்சத்தால், போவது நிச்சயமில்லாத நாட்களையும் அவர் பதிவுசெய்து வைக்கிறார்.

மூன்றாவது காரணத்தைக் கவனியுங்கள். இடம் கிடைக்காது என்ற அச்சம் தேவையற்ற பதிவுகளைக் கூட்டுகிறது. தேவையற்ற பதிவுகள் கூடியதால் உண்மையிலேயே இடம் கிடைக்காமற் போகிறது. இது ஒரு தீய வட்டமாகும்.

4. விடய ஆய்வு: டிஸ்னிலாண்ட், கலிபோர்னியா

டிஸ்னிலாண்ட் பூங்கா ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், அனஹெய்ம் நகரில் 1955 யூலை 17 அன்று திறக்கப்பட்டது. 2001 இல் அதன் அருகே இரண்டாவது பூங்காவும் திறக்கப்பட்டது. அயலில் வாழும் பலர் வருடாந்தச் சீட்டு வைத்திருந்து அடிக்கடி வந்து செல்வதனால், நெரிசலைக் கட்டுப்படுத்துவது இங்கு நீண்டகாலப் பிரச்சினையாகும்.

2019 மே மாதத்தில் 599 டொலர் விலையில் ஒரு புதிய வகை வருடாந்தச் சீட்டு விற்பனைக்கு வந்தது. இதன்படி சில நாட்களில் முற்பதிவு இன்றியும், வேறு நாட்களில் முற்பதிவு செய்தும் செல்ல வேண்டும்.

கொவிட் தொற்றுக் காரணமாக 2020 மார்ச் 14 முதல் பூங்காக்கள் மூடப்பட்டன. 2021 ஜனவரியில் பழைய வருடாந்தச் சீட்டுத் திட்டம் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. 2021 ஏப்ரல் 30 அன்று, மட்டுப்படுத்தப்பட்ட எண்ணிக்கையுடனும் கட்டாய முற்பதிவுடனும் பூங்காக்கள் மீண்டும் திறக்கப்பட்டன. அதே ஆண்டு ஓகஸ்ட் 25 அன்று ‘மேஜிக் கீ’ எனும் புதிய திட்டம் விற்பனைக்கு வந்தது. அதில் நான்கு வகைச் சீட்டுகள் இருந்தன.

ட்ரீம் கீ – 1,399 டொலர் – ஒரே நேரத்தில் வைத்திருக்கக்கூடிய பதிவுகள் 6
பிலீவ் கீ – 949 டொலர் – பதிவுகள் 6
என்சாண்ட் கீ – 649 டொலர் – பதிவுகள் 4
இமாஜின் கீ (தென் கலிபோர்னியாவில் வசிப்போருக்கு மட்டும்) – 399 டொலர் – பதிவுகள் 2

வராமையைக் குறைப்பதற்கு இத்திட்டத்தில் விதிக்கப்பட்ட விதி பின்வருமாறு: 90 நாட்களுக்குள் மூன்று தடவை முற்பதிவு செய்து வராதுவிட்டவர், 30 நாட்களுக்குப் புதிய முற்பதிவு எதனையும் செய்ய முடியாது. வர இயலாதவர் முதல் நாள் நள்ளிரவுக்கு முன் பதிவை இரத்துச் செய்தால் அது வராமையாகக் கொள்ளப்படாது.

இவ்விதியில் மூன்று விடயங்கள் கவனிக்கத்தக்கன.
(அ) ஒரு தடவை தவறியவருக்குத் தண்டனை இல்லை. காய்ச்சல், வாகனப் பழுது போன்றவை எவருக்கும் நேரலாம்.
(ஆ) தண்டனை பணமாக இல்லை. பதிவு செய்யும் உரிமையே சிறிது காலத்துக்கு நிறுத்தப்படுகிறது.
(இ) முன்கூட்டி இரத்துச் செய்பவர் பாதுகாக்கப்படுகிறார். ஏனெனில் அவர் விடுவித்த இடத்தை இன்னொருவருக்குக் கொடுக்கலாம்.

5. இழப்பைக் கணித்தல் (கற்பனை உதாரணம்)

ஒரு பூங்காவின் நாளாந்தக் கொள்ளளவு 10,000 பேர். விடுமுறை நாளொன்றில் ஒருநாட் சீட்டு 7,000 உம், வருடாந்தச் சீட்டுப் பதிவு 3,000 உம் முழுமையாக நிரம்பிவிட்டன. ஒருநாட் சீட்டின் விலை ரூ. 2,000. உள்ளே வரும் ஒருவர் உணவு முதலியவற்றுக்குச் சராசரியாக ரூ. 500 செலவிடுகிறார். வருடாந்தச் சீட்டுப் பதிவு செய்தோரில் 20% ஆனோர் வரவில்லை. சீட்டுக் கேட்ட 500 பேர் இடமில்லை எனத் திருப்பி அனுப்பப்பட்டனர்.

வராதோர் = 3,000 × 20% = 600 பேர்
திருப்பி அனுப்பப்பட்டோரிடம் இழந்த சீட்டு வருமானம் = 500 × 2,000 = ரூ. 1,000,000
அவர்களிடம் இழந்த உணவு முதலிய விற்பனை = 500 × 500 = ரூ. 250,000
இழந்த மொத்த வருமானம் = ரூ. 1,250,000

இப்போது பூங்கா நினைவூட்டல் அனுப்பியதன் பயனாக, அந்த 600 பேரில் 300 பேர் முதல் நாளே இரத்துச் செய்கின்றனர் எனக் கொள்வோம். அவற்றுள் 240 இடங்கள் ஒருநாட் சீட்டாக விற்கப்படுகின்றன.
மீட்ட வருமானம் = 240 × (2,000 + 500) = ரூ. 600,000

மாணவர்கள் விடும் பொதுவான தவறு: “600 பேர் வராததால் 600 சீட்டுகளின் விலை நட்டம்” என எழுதுதல். அவர்களது வருடாந்தச் சீட்டுப் பணம் முன்னரே பெறப்பட்டுவிட்டது. இழக்கப்பட்டது, அவர்களது இடத்தில் வந்திருக்கக்கூடிய வேறு நுகர்வோரின் வருமானமே. பூங்கா நிரம்பாத நாளில் எவரும் திருப்பி அனுப்பப்படுவதில்லை. ஆகவே அன்று சீட்டு வருமான இழப்பும் இல்லை. ஆயினும் வராதோர் உள்ளே வாங்கியிருக்கக்கூடிய உணவு முதலியவற்றின் விற்பனை இல்லாமற் போவதுடன், ஊழியர், உணவு ஆயத்தச் செலவுகள் வீணாகலாம்.

6. வராமையைக் குறைக்கும் வழிமுறைகள்

(1) நினைவூட்டல்: இரு நாட்களுக்கு முன் குறுஞ்செய்தி அனுப்புதல். செலவு குறைவு. மறதியால் வராதோரை இது திருத்தும், வேண்டுமென்றே அதிகம் பதிவோரைத் திருத்தாது.
(2) இலகுவான இரத்து: தொலைபேசியில் ஒரே தடவையில் இரத்துச் செய்ய வசதியளித்தல். இரத்துச் செய்வது கடினமாயின் நல்லவரும் பேசாமல் இருந்துவிடுவார்.
(3) எண்ணிக்கை வரம்பு: ஒரே நேரத்தில் வைத்திருக்கக்கூடிய பதிவுகளை மட்டுப்படுத்தல். தேவையற்ற பதிவை இது தொடக்கத்திலேயே தடுக்கும்.
(4) தற்காலிகத் தடை: பலமுறை வராதோர் சில வாரங்களுக்குப் பதிவு செய்வதைத் தடுத்தல்.
(5) மீளளிக்கப்படும் வைப்புப்பணம்: வந்ததும் திருப்பிக் கொடுத்தல். பயனுண்டு, எனினும் வருமானம் குறைந்தோருக்குச் சுமையாகலாம்.
(6) காத்திருப்போர் பட்டியல்: இரத்தாகும் இடத்தை உடனடியாக அடுத்தவருக்கு வழங்கல். இது இல்லாவிடின் முன்கூட்டிய இரத்தின் பயன் குறைந்துவிடும்.
(7) முற்பதிவுத் தேவையைத் தளர்த்தல்: புளோரிடாவிலுள்ள வோல்ற் டிஸ்னி வேர்ல்ட், 2023 ஏப்ரல் 18 முதல், வருடாந்தச் சீட்டு வைத்திருப்போர் பெரும்பாலான நாட்களிற் பிற்பகல் 2 மணிக்குப் பின் பதிவின்றி வர இடமளித்தது. பதிவே தேவையில்லாத வேளையில் வராமை என்ற பிரச்சினையும் எழாது.

7. தண்டப்பணம் எப்போதும் பலன் தருமா?

“வராதோரிடம் தண்டப்பணம் அறவிட்டால் போதும்” எனப் பலர் எண்ணுவர். இங்கு ஓர் ஆய்வு பயன்படும். யூரி க்னீசி, அல்டோ ரஸ்டிச்சினி ஆகிய பொருளியலாளர்கள் இஸ்ரேலின் ஹைஃபா நகரில் 10 பிள்ளைப் பராமரிப்பு நிலையங்களில் நடத்திய ஆய்வு 2000 இல் வெளியானது. பிள்ளைகளைத் தாமதமாக அழைத்துச் செல்லும் பெற்றோருக்கு ஆறு நிலையங்களிற் சிறிய தண்டப்பணம் விதிக்கப்பட்டது. தாமதம் குறையவில்லை, ஏறத்தாழ இருமடங்காகக் கூடியது. தண்டம் நீக்கப்பட்ட பின்னரும் அது பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

காரணம் யாது? முன்னர் பெற்றோர், “ஆசிரியரைக் காத்திருக்க வைப்பது சரியல்ல” என எண்ணினர். பணம் விதித்ததும், “அதற்குரிய விலையைக் கொடுத்துவிட்டோம்” என எண்ணத் தொடங்கினர். கடமையாக இருந்தது கொள்வனவாக மாறியது. பூங்காவிலும் சிறு தண்டம் விதித்தால், வசதியுள்ளோர் அதனை இடம்பிடிக்கும் கட்டணமாகக் கருதிவிடலாம்.

8. வணிகத்தின் கடமை

விதி நுகர்வோருக்கு மட்டுமானதன்று. ட்ரீம் கீ, தடைநாட்கள் இல்லாத சீட்டென விளம்பரப்படுத்தப்பட்டது. ஆனால் ஒருநாட் சீட்டு விற்பனையிலிருந்த சில நாட்களிலும் தமக்கு முற்பதிவு கிடைக்கவில்லை எனக் கூறி வாடிக்கையாளர் தரப்பில் வழக்குத் தொடரப்பட்டது. நிறுவனம் தவறிழைத்ததாக ஏற்றுக்கொள்ளவில்லை. எனினும் 2023 இல் 95 இலட்சம் டொலர் வழங்க உடன்பட்டு வழக்கை இணக்கமாக முடித்தது. அதற்கு முன்னரே, 2022 இல், ட்ரீம் கீக்குப் பதிலாக நத்தார் காலத் தடைநாட்களை வெளிப்படையாகக் குறிப்பிட்ட வேறொரு சீட்டு அறிமுகமாகியிருந்தது.

இதிலிருந்து பெறும் பாடம்: வராதவரைத் தடுக்க விரும்பும் நிறுவனம், வர விரும்புபவருக்கு நியாயமான அளவு இடத்தையும் தெளிவான தகவலையும் வழங்க வேண்டும். இடம் நிச்சயமாகக் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தால் எவரும் அச்சத்தால் அதிகம் பதிவுசெய்யமாட்டார். அப்போது 3 ஆம் பகுதியிற் கண்ட தீய வட்டமும் உடையும்.

பயிற்சி வினாக்கள்

1. சேவையைக் களஞ்சியப்படுத்த முடியாது என்பதை ஓர் உதாரணத்தால் விளக்குக.
2. கொள்ளளவு 5,000. வருடாந்தச் சீட்டுப் பதிவுகள் 2,000. வராமை 15%. வராதோர் எத்தனை பேர்? 200 பேர் திருப்பி அனுப்பப்பட்டு, ஒருநாட் சீட்டு ரூ. 1,500 எனின், இழந்த சீட்டு வருமானம் யாது?
3. முதல் தடவையிலேயே தடை விதிப்பதிலும் பார்க்க மூன்று தடவைகளின் பின் தடை விதிப்பது ஏன் பொருத்தமானது?
4. “சிறிய தண்டப்பணம் வராமையைக் கூட்டவும் கூடும்.” காரணம் தருக.

விடைக் குறிப்புகள்

1. வெறுமையாகச் சென்ற பேருந்து ஆசனம் அல்லது நிரம்பாத பூங்கா இடம். அன்றைய நாளுடன் பெறுமதி முடிவடைகிறது.
2. 300 பேர்; 200 × 1,500 = ரூ. 300,000. (300 ஐ 1,500 ஆற் பெருக்கினால் புள்ளி கிடையாது.)
3. தவிர்க்கமுடியாத காரணத்தால் தவறியவரையும் வழக்கமாகத் தவறுபவரையும் வேறுபடுத்துகிறது. வாடிக்கையாளரின் நல்லெண்ணம் காக்கப்படுகிறது.
4. தண்டம் விலையாகக் கருதப்பட்டு, பிறர்மீதுள்ள பொறுப்புணர்வு குறைகிறது.

பரீட்சைக்கு ஒரு குறிப்பு: வழிமுறை ஒன்றைத் தெரிவுசெய்யும்படி கேட்கப்பட்டால் பெயரை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். அது யாரைத் திருத்தும், யாரைப் பாதிக்கும், எவ்வளவு செலவாகும் என்ற மூன்றையும் எழுதுங்கள். முழுப்புள்ளி பெற அதுவே வழி.