விரல் நுனியில் மூளை இல்லை

நம்பிக்கை: பத்து விரல்களின் ரேகையைப் பதிவெடுத்தால் போதும், குழந்தையின் அறிவுத்திறன், அது படிக்கும் விதம், பதினொன்றாம் வகுப்பில் எடுக்க வேண்டிய குரூப், எல்லாம் தெரிந்துவிடும்.

உண்மை: தெரியாது. எதுவுமே தெரியாது.

இதோடு முடித்துக்கொண்டிருப்பேன். ஆனால் எந்தப் பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்குப் பேசப் போனாலும், வழவழ தாளில் அச்சிட்ட ரிப்போர்ட்டோடு யாராவது ஒருவர் வந்து நிற்கிறார். “சார், பையனுக்கு லாஜிக் கம்மியா வந்திருக்கு. மேத்ஸ் குரூப் வேண்டாம்கிறாங்க.” சரி, பரீட்சையில் கணக்கில் என்ன மார்க் என்று கேட்டால், “அது தொண்ணூறுக்கு மேலதான் சார்” என்கிறார். மகன் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதிய விடைத்தாளை நம்பாத அப்பா, ஸ்கேனரில் மூன்று நிமிடம் விரல் வைத்ததை நம்புகிறார்.

இந்த வியாபாரத்தின் பெயர் டி.எம்.ஐ.டி. விரலுக்கு ஒன்றாக மூளையின் பகுதிகள், வகைவகையான அறிவுக்குத் தனித்தனிச் சதவீதம், போதாக்குறைக்குக் குழந்தை கழுகா, மயிலா, புறாவா, ஆந்தையா என்று ஒரு குணப்பட்டியல். கட்டணம் ஆயிரக்கணக்கில். இதற்குப் பள்ளி வளாகத்திலேயே கேம்ப் போட இடம் கொடுக்கும் நிர்வாகிகளை என்ன சொல்வது?

விற்பவர்கள் சொல்லும் காரணம் இது: கருவில் ரேகையும் மூளையும் ஒரே படலத்திலிருந்து, ஒரே காலத்தில் உருவாகின்றன, எனவே ஒன்றைப் பார்த்து மற்றதைச் சொல்லலாம். தோலின் மேலடுக்கும் நரம்பு மண்டலமும் கருவின் வெளிப்படலத்திலிருந்து வருவது உண்மைதான். தலைமுடியும் நகமும் பல்லின் எனாமலும்கூட அங்கிருந்துதான் வருகின்றன. அப்படியானால் வெட்டிப் போட்ட நகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் ஐ.க்யூ. சொல்ல வேண்டுமே!

ரேகை பிறப்பதற்கு முன்பே நிலைத்துவிடுகிறது. மூன்று வயதில் எடுத்தாலும் முப்பதில் எடுத்தாலும் அதே ரேகைதான். மூளை அப்படியில்லை. லண்டனில் டாக்ஸி ஓட்ட உரிமம் வேண்டுமென்றால் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். அதற்கே மூன்று நான்கு ஆண்டுகள் பிடிக்கும். அந்தப் பயிற்சியில் சேர்ந்தவர்களின் மூளையை முன்னும் பின்னும் ஸ்கேன் செய்து, காதரின் வூலெட், எலனர் மக்வயர் இருவரும் 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். தேர்ச்சி பெற்றவர்களுக்கு, இட நினைவுக்கு உதவும் ஹிப்போகேம்பஸின் பின்பகுதி பெருத்திருந்தது. தோற்றவர்களுக்கு அந்த மாற்றம் இல்லை. இவர்களில் யாருக்கும் விரல் ரேகை இம்மியும் மாறியிருக்காது. ரேகைக்காரர் முன்னும் பின்னும் ஒரே ரிப்போர்ட்டைத்தான் நீட்டியிருப்பார்.

ரேகை ஆராய்ச்சி என்று ஒன்று இருக்கிறது. 1926-ல் ஹெரால்டு கம்மின்ஸ் அதற்குப் பெயரே சூட்டினார். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் உள்ளங்கையில் மற்றவர்களைவிட அதிகமாக ஒற்றை மடிப்பு காணப்படுவதும் உண்மை. மருத்துவருக்கு அது ஒரு துணைக்குறி, அவ்வளவுதான்; அதே மடிப்பு எந்தக் குறையும் இல்லாதவர்கள் கையிலும் உண்டு. அங்கிருந்து ‘உங்கள் மகளுக்குக் காமர்ஸ்தான் பொருந்தும்’ என்று தாவ வழியே கிடையாது. ரிப்போர்ட்டில் ஹோவர்ட் கார்ட்னர் பெயரையும் இழுக்கிறார்கள். பல்வகை அறிவு பற்றி 1983-ல் அவர் எழுதினார். ரேகையை வைத்து அதை அளக்கச் சொல்லவில்லை. அந்தக் கொள்கையையே ஏற்காத ஆய்வாளர்கள் ஏராளம். மூளைத் திறனை அறிய டி.எம்.ஐ.டி.யைப் பயன்படுத்துவதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2019-லேயே சொல்லிவிட்டது.

“பின்னே எப்படி சார் எங்க பையனைப் பத்தி அப்படியே சொல்லியிருக்கு?”

இதற்கு 1948-லேயே பதில் கிடைத்துவிட்டது. பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைச் சோதனை வைத்து, ஆளுக்கொரு குணச்சித்திரம் தந்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. பிறகுதான் சொன்னார்: எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள், கடையில் வாங்கிய ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தது. உங்கள் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். ‘திறமை இருக்கிறது, கவனம்தான் போதவில்லை’ என்றிருக்கும். இது பொருந்தாத பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது?

போனது பணம் மட்டுமென்றால் விட்டுவிடலாம். லாஜிக் குறைவு என்று படித்த நாள் முதல், பையன் போடும் ஒவ்வொரு தப்புக் கணக்கும் அதற்குச் சாட்சியாகிவிடுகிறது. சரியாகப் போட்டவை யார் கண்ணிலும் படுவதில்லை. சில மாதங்களில் அவனே நம்பத் தொடங்குகிறான்.

மூளை பற்றிய மற்ற நம்பிக்கைகளைச் சட்டென்று பார்த்துவிடுவோம்.

கலைஞர்கள் வலது மூளைக்காரர்கள், கணக்கர்கள் இடது மூளைக்காரர்கள்: பேச்சு போன்ற சில வேலைகள் ஒரு பக்கம் சாய்வது உண்மை. ஆனால் 2013-ல் யூட்டா பல்கலைக்கழகத்தினர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் ஸ்கேன்களை அலசியதில், ஒரு பக்க மூளை மொத்தமாக ஓங்கியிருக்கும் மனிதர் அகப்படவில்லை.

மூளையில் 10 சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம்: உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கு இருந்துகொண்டு, உடலின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்னும் உறுப்பு அது. சும்மா இருக்கவா இத்தனை தீனி?

மோட்சார்ட் கேட்டால் குழந்தைக்கு அறிவு வளரும்: இந்த நம்பிக்கைக்கு அடிப்படையான 1993 ஆய்வில் இருந்தவர்கள் குழந்தைகளே அல்ல, கல்லூரி மாணவர்கள். பலன் கால் மணி நேரம்கூடத் தாண்டவில்லை.

பார்த்துப் படிப்பவர், கேட்டுப் படிப்பவர் என்று பிள்ளைகள் இரு வகை: பிரித்துக் கற்பித்தால் பலன் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று ஹெரால்டு பாஷ்லர் குழு 2008-ல் எழுதியது.

வெண்டைக்காய் தின்றால் கணக்கு வரும்: வராது. கணக்கு போட்டால்தான் வரும்.

ரேகை ரிப்போர்ட்டுக்குக் கொடுக்கும் பணத்தை வேறு என்ன செய்யலாம்? முதலில் பிள்ளையின் கண்ணைப் பரிசோதியுங்கள். கவனமில்லை என்று திட்டு வாங்கும் பிள்ளைகளில் சிலருக்குக் கரும்பலகையே தெரிவதில்லை. அடுத்தது தூக்கம். நான் எதை எழுதினாலும் தூக்கத்தில் கொண்டுபோய் முடிக்கிறேன் என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள், செய்யட்டும். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்கிறது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி. படித்தது நினைவில் படிவதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இங்கேயோ பொதுத்தேர்வு நெருங்கினால் விடியற்காலை நாலு மணிக்கு ஆசிரியரே போன் போட்டு எழுப்புகிறார். அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்கிறோம். இரவு பதினொன்று வரை டியூஷன் வைத்துவிட்டு, பிள்ளைக்குக் கவனம் ஏன் நிற்கவில்லை என்று ரேகையில் தேடுகிறோம்.

தலைமையாசிரியர்களே, ரேகை கேம்ப் நோட்டீஸைக் கிழித்துப் போடுங்கள். கையோடு அந்த நாலு மணி போனையும் நிறுத்துங்கள்.