கோடைத் தீயும் கார்மழையும்: எல்லை ஊர்களுக்குச் சில பாடங்கள்

மார்கழிப் பனி விலகித் தை பிறக்கும் காலத்தில், பாலக்காட்டுக் கணவாய் வழியே வறண்ட கீழைக் காற்று வீசுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்திற்கு இடைவெளி விட்டு நிற்கும் இடம் அது. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வாளையாறு, கோவிந்தாபுரம் ஆகிய ஊர்களின் வயல்களும் புல்வெளிகளும் சில வாரங்களில் பொன்னிறமாகிவிடும். தெற்கே, இடுக்கி மாவட்டத்தின் மூணாறு, உடும்பன்சோலை, பீர்மேடு பகுதிகளிலும் மலைச்சரிவுப் புல் இவ்வாறே காய்கிறது. இவ்விரு மாவட்டங்களும் ஒன்றையொன்று தொடுவனவல்ல. ஆயினும் இரண்டும் தமிழகத்தின் எல்லையில் அமைந்தவை. இரண்டிலும் தமிழ் பேசும் குடும்பங்கள் மிகுதி. கேரளத் தீயணைப்பு மீட்புத் துறையின் ஆண்டுப் பணிகளைப் பகுப்பவையும் இரண்டிடத்தும் ஒரே இரு பருவங்களே: தை முதல் சித்திரை வரை தீ, ஆனி முதல் ஐப்பசி வரை நீர்.

‘ஃபயர்ஃபோர்ஸ்’ என்று மக்கள் அழைக்கும் இத்துறையினர் மணி ஒலித்ததும் வண்டியேறிப் புறப்படுவோர் என்பதே பலரது எண்ணம். அவர்கள் பணியில் பெரும்பகுதி மணி ஒலிப்பதற்கு முன்பே நடைபெறுகிறது. பள்ளி, மருத்துவமனை, தொழிற்சாலை ஆகியவற்றில் ஒத்திகை நடத்துவதும் வகுப்பெடுப்பதும் அவற்றுள் அடங்கும். ஏப்ரல் 14 முதல் 20 வரை நாடெங்கும் தீயணைப்பு வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. 1944ஆம் ஆண்டு அதே நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்தும் பஞ்சுப் பொதிகளும் ஏற்றி நின்ற ‘ஃபோர்ட் ஸ்டிகின்’ என்னும் கப்பல் வெடித்தது. தீயை அணைக்கச் சென்ற 66 வீரர்கள் அங்கே மாண்டனர். அவர்களின் நினைவாகவே இவ்வாரம்.

மலைத்தீயைப் பற்றிய பாடத்தை நம் எல்லைப் பகுதி பெருவிலை கொடுத்துக் கற்றது. 2018 மார்ச் 11 அன்று, இடுக்கி எல்லையில் உள்ள கொழுக்குமலையிலிருந்து தேனி மாவட்டத்தின் குரங்கணி நோக்கி இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர், பெரும்பாலோர் இளைஞர். அதன் பின்னரே தமிழகத்தில் மலையேற்றத்துக்கெனத் தனி விதிகள் வகுக்கப்பட்டன.

சமவெளித் தீக்கும் சரிவுத் தீக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்திருந்தால்தான் அத்தகைய வேளையில் எத்திசை செல்வது என்று தெரியும். சரிவில் சுடர் மேல்நோக்கிச் சாய்வதால், மேலே உள்ள புல்லை அது முன்கூட்டியே சூடேற்றி உலர்த்திவிடுகிறது. சரிவு பத்துப் பாகை கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது துறையினர் கொள்ளும் பொதுக்கணக்கு. ஆகவே தீக்கு மேலே நிற்பவர் உச்சியை நோக்கி ஓடுதல் தகாது. மனிதக் கால்கள் அவ்வோட்டத்தில் தீயை வெல்வது அரிது. பக்கவாட்டில் விலகி, ஏற்கெனவே எரிந்து கருகிய நிலத்தையோ புல் முளைக்காத பாறையையோ அடைய வேண்டும். ஓடைப் பள்ளம் பாதுகாப்பானதுபோல் தோன்றும். ஆனால் அது புகைபோக்கியைப்போல் வெப்பத்தையும் புகையையும் மேலே இழுக்கும். அதனுள் இறங்கவே கூடாது. செயற்கை இழை ஆடை உருகி உடலில் ஒட்டும் என்பதால் கோடையில் மலைக்குச் செல்வோர் பருத்தி ஆடை அணிதல் நலம்.

தீயை அறிந்தோரையும் அது விடுவதில்லை. 2020 பிப்ரவரியில், பாலக்காட்டை அடுத்த திருச்சூர் மாவட்டத்தின் கொற்றம்பத்தூரில், காட்டுத்தீயை அணைக்கச் சென்ற வனத்துறைக் காவலர் மூவர் அத்தீயிலேயே சிக்கி இறந்தனர். தனி ஆளாகக் கிளையை ஒடித்துக்கொண்டு காட்டுத்தீயை அடிக்கப் புறப்படும் நம் ஊர் இளைஞர்களுக்கு இச்செய்தியைச் சொல்லியே ஆகவேண்டும்.

தோட்டம் வைத்திருப்போர் தை முடிவதற்குள் எல்லையைச் சுற்றிப் புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புப் பாதை அமைத்துக்கொள்ளலாம். சருகை எரித்தே ஆகவேண்டுமெனில் காற்று அடங்கிய காலைப்பொழுதில், நீர் அருகிருக்க, சிறு குவியலாக எரித்து, சாம்பலைத் தொட்டுக் குளிர்ந்ததென்று உறுதிசெய்த பின்னரே அகல வேண்டும். பாலக்காட்டுப் பகுதிக்கே உரிய இன்னொரு கோடை விபத்து வைக்கோல் லாரி. பாரம் உயர்ந்து சாலையோர மின்கம்பியில் உரசினால் ஒரு பொறி போதும். ஓட்டுநர் அதை அறிவதற்குள் பின்புறம் பற்றி எரியும். 2022 ஜனவரியில் கோழிக்கோடு மாவட்டம் கோடஞ்சேரியில் எரியும் வைக்கோல் லாரியை ஒருவர் திடலுக்குள் ஓட்டி, வளைத்து வளைத்துத் திருப்பிக் கட்டுகளை உதிர்த்து வண்டியைக் காப்பாற்றினார். வியக்கத்தக்க செயல், பின்பற்றத்தக்கதன்று. பாரத்தின் உயரத்தை அளவோடு நிறுத்தி, தார்ப்பாய் மூடி, ஊர்ச்சாலைகளில் கம்பிகள் தாழ்ந்த இடங்களை முன்பே அறிந்து செல்வது அத்துணிவைக் காட்டிலும் பயன் தரும்.

அழைப்பு எண் இரு மாநிலங்களிலும் 101; பொது அவசர எண் 112. எல்லை ஊர்களில் கைப்பேசி அடுத்த மாநிலத்துக் கோபுரத்தைப் பற்றிக்கொள்வது உண்டு. அப்போது அழைப்பு அங்குள்ள கட்டுப்பாட்டு அறைக்குச் செல்லக்கூடும். எனவே ‘தீப்பிடித்துவிட்டது’ என்று தொடங்காமல், மாநிலம், மாவட்டம், ஊர், அருகிலுள்ள அடையாளம் என்ற வரிசையில் சொல்லிப் பழக வேண்டும். மலையாளம் வராதே என்று தயங்க வேண்டியதில்லை. ஊர்ப்பெயரும் அடையாளமும் எம்மொழியிலும் ஒன்றே. அருகிலுள்ள நிலையத்தின் நேரடி எண்ணைச் சமையலறைச் சுவரில் எழுதி வைப்பது இன்னும் நன்று.

சமையலறை என்றதும் எரிவாயுவைப் பற்றி ஒரு சொல். அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு பரவித் தங்கும். நாற்றம் வந்தவுடன் மின்விளக்கைப் போடவும் கூடாது, எரியும் விளக்கை அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி எழும். சீராக்கியை மூடிக் கதவு, சன்னல்களைத் திறந்து வெளியேறி 1906 என்ற எண்ணை அழைக்கலாம். வாணலி எண்ணெயில் தீப்பற்றினால் நீர் ஊற்றாமல் அடுப்பை அணைத்துத் தட்டால் மூடுக.

மழைப் பருவத்தில் இதே நிலையங்கள் கயிறும் உயிர்காப்பு அங்கியுமாக வேறு முகம் கொள்கின்றன. 2024 ஜூலையில் சித்தூர்ப் புழையில் நீர் திடீரென உயர, நடு ஆற்றுப் பாறையில் ஒரு குடும்பத்தைச் சேர்ந்த நால்வர் சிக்கிக்கொண்டனர். தீயணைப்பு வீரர்கள் பெருக்கின் ஊடே சென்று அவர்களைக் கரைசேர்த்தனர். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கலாம். ஆற்றின் மேற்பகுதியில் மழை பெய்திருந்தால் நீர் நம்மிடம் வந்தே தீரும். தெளிந்த நீர் கலங்கலாகி, இலையும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கினால் உடனே கரையேறுக.

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தொழிலாளர் லயங்களை மூடியது. எழுபது பேர் மாண்டனர். ஏறக்குறைய அனைவரும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் இல்லாமையால் வெளியுலகம் மறுநாள் காலையிலேயே செய்தி அறிந்தது. பெரியவரைப் பாலம் அடித்துச் செல்லப்பட்டிருந்ததால் மீட்புப் படையின் பயணமும் தாமதமாயிற்று. எந்தத் துறையும் சென்றடைய முடியாத அந்த இடைப்பட்ட மணி நேரங்களில் ஊரார் தவிர வேறு துணையில்லை.

இத்தகைய இடைவெளியை நிரப்பவே 2018, 2019 பெருவெள்ளங்களுக்குப் பின் கேரளம் தீயணைப்புத் துறையின் கீழ்க் குடிமைப் பாதுகாப்புப் படையை அமைத்தது. ஒவ்வொரு நிலையத்திற்கும் ஐம்பது தன்னார்வலர் என்பது அதன் கணக்கு. நிலையத்தில் தொடங்கும் பயிற்சி, திருச்சூரை அடுத்த விய்யூரிலுள்ள துறைப் பயிற்சிக்கழகம் வரை தொடர்கிறது. தமிழ் லயங்களிலிருந்தும் எல்லை ஊர்களிலிருந்தும் இளைஞரும் பெண்களும் இதில் சேர்வது மிக இன்றியமையாதது என்பது நம் கருத்து. நள்ளிரவில் ‘வெளியே வாருங்கள்’ என்று தாய்மொழியில் அழைக்கும் குரலுக்கே மக்கள் விரைந்து எழுவர். மண்ணில் புதிய பிளவு, ஊற்றுநீர் திடீரெனக் கலங்குதல், மரங்களும் கம்பங்களும் சாய்தல், பாய்ந்த ஓடை சட்டென வற்றுதல் ஆகியவை சரிவின் முன்னறிகுறிகள். இவற்றைக் கண்டபின் எச்சரிக்கைக்காகக் காத்திருத்தல் வேண்டா.

இனி, நம் வாடிக்கையாளர்களுக்கு நேரடியாகத் தொடர்புடைய ஒன்று. 2021 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்னும் வீட்டுக் காப்பீடு தீ, மின்னல், காட்டுத்தீ, வெள்ளம், நிலச்சரிவு ஆகியவற்றால் நேரும் இழப்பை உள்ளடக்கியது. லயத்திலோ வாடகை வீட்டிலோ குடியிருப்போர் கட்டடத்தை விடுத்து வீட்டுப் பொருள்களுக்கு மட்டுமே காப்பீடு பெறலாம். ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 இலட்சம் ரூபாய் விபத்துக் காப்பளிக்கும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் சேமிப்புக் கணக்கின் வழியாகவே சேரலாம். தீயிழப்புக்குத் தொகை கோரும்போது காப்பீட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் தீயணைப்பு நிலையத்தின் அறிக்கையைக் கேட்பதுண்டு. எனவே அக்கம்பக்கத்தாரே அணைத்துவிட்ட தீயாயினும் அன்றே நிலையத்துக்குத் தெரிவித்து, எரிந்தவற்றை அகற்றுமுன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.