மாற்றிய பகுதியை மட்டும் கட்டலாம்

ஒரு மூட்டை பருப்பு வந்ததற்காகக் கிடங்குச் சரக்கு முழுவதையும் மறுபடி நிறுப்போமா? பில் போடும் மென்பொருளும் அப்படித்தான். 1976-ல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கிய 'மேக்' என்னும் கருவி, மூலக் கோப்பு, அதிலிருந்து உருவான கோப்பு இரண்டின் தேதி, நேரத்தையும் ஒப்பிடும்; மூலம் புதிதாயிருந்தால் அந்தப் பகுதியை மட்டும் திரும்பக் கட்டும். டெபியன் லினக்ஸில் 'டிபிகேஜி-பில்ட்பேக்கேஜ்' கட்டளையுடன் '-என்சி' சேர்த்தால், கோப்புறையில் முன்பு கட்டியவற்றைத் துடைக்காமலே பொதி தயாராகும்.

கவனம் தேவை. கணினிக் கடிகாரம் பிசகினால் மாற்றம் விடுபட்டு, பழைய வரி விகிதமே பில்லில் வரக்கூடும், நஷ்டம் நமக்கே. சோதனைக்கு இம்முறை போதும். கடைக்கு வரும் பொதியை முழுமையாகக் கட்டித் தரச் சொல்வோம். வந்ததும் நாலைந்து சரக்குக்கு பில் போட்டு, கைக்கணக்குடன் ஒத்துப் பார்ப்போம்.