குடோன் சுவரில் உப்பு பூப்பது ஏன்?

மழைக்காலம் கழிந்து அடி வரிசை மூட்டையைத் தூக்கும்போதுதான் நம்மில் பலருக்குச் சுவரின் நினைவே வருகிறது. சுவரோரம் இருந்த வெல்லம் கசிந்திருக்கும். பருப்பு மூட்டையின் முதுகில் பூஞ்சணம் படர்ந்திருக்கும். சுவரில் இடுப்பளவுக்கு வெள்ளை பூத்து, பூச்சு உதிர்ந்துகொண்டிருக்கும். வெள்ளையடித்து அந்த ஆண்டைத் தள்ளிவிடுகிறோம். மறு ஆண்டும் அதே நட்டம். குறை சுண்ணாம்பில் இல்லை, செங்கல்லில் இருக்கிறது.

செங்கல் பார்வைக்குக் கெட்டி. ஆனால் அதன் உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளம். சூளையில் நன்றாக வெந்த கல்லில் மண் துகள்கள் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் துளைகள் குறைகின்றன. அரைவேக்காட்டுக் கல்லில் துளைகள் மிகுதி. விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல இத்துளைகள் தரையின் ஈரத்தை மேலே இழுக்கின்றன.

குளிர் நாடுகளில் இதனால் வரும் கேடு வேறு வகை. நீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் சுமார் 9 விழுக்காடு கூடுகிறது. துளைகள் நிரம்பியிருந்தால் விரிய இடமின்றிக் கல்லின் முகம் செதில் செதிலாகப் பெயர்ந்துவிடும். ஆகவே அமெரிக்கத் தரவிதியில், கடுங்குளிர்ப் பகுதிக்கான செங்கல் 24 மணி நேரம் தண்ணீரில் ஊறிக் குடிக்கும் நீரை, 5 மணி நேரம் கொதிநீரில் கிடந்து குடிக்கும் நீரோடு ஒப்பிடுகிறார்கள். முதல் அளவு இரண்டாவதில் சராசரியாக 0.78 பங்கைத் தாண்டக் கூடாது. எஞ்சிய துளைகள் காலியாக இருந்தால்தான் பனி விரிய இடம் கிடைக்கும்.

நம் சமவெளியில் பனியின் வேலையை உப்பு செய்கிறது. ஈரத்தோடு ஏறிய உப்பு, நீர் ஆவியானதும் தங்கிவிடும். சுவரின் மேல் தங்கினால் வெறும் வெள்ளைப் பூச்சு, துடைத்துவிடலாம். துளைக்குள் படிகமானால் கல்லையே உள்ளிருந்து நெரிக்கும். உலர்ந்த சோடியம் சல்பேட் ஈரத்தோடு சேர்ந்து படிகமாகும்போது மூன்று மடங்குக்கு மேல் பருக்கிறது. சமையல் உப்போ, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கசியும். உப்பு மூட்டையைச் சுவரில் சாய்த்து வைக்கும் நாமே சுவருக்கு உப்பு ஊட்டுகிறோம்!

புதிதாகக் கட்டுவோர் கல்லைச் சோதித்து வாங்கலாம். அதற்கான கருவி நம் கடையிலேயே உள்ள தராசுதான். நன்றாகக் காய்ந்த கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் மூழ்க வைத்து, துடைத்து மீண்டும் எடை போடுங்கள். இந்தியத் தரவிதி ஐ.எஸ். 1077-இன்படி சாதாரண வகைக் கல் தன் எடையில் 20 விழுக்காட்டுக்கு மேல் நீர் குடிக்கக் கூடாது. அதாவது 3 கிலோ கல் 600 கிராமுக்கு மேல் ஏறினால் அந்த லோடு நமக்கு வேண்டாம். ஒரே கல்லை வைத்து முடிவு செய்யாமல் ஐந்தாறு கற்களைப் பாருங்கள்.

ஏற்கெனவே குடோன் வைத்திருப்போர் கவனிக்க வேண்டியவை:

1. மூட்டைகளைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, மரப்பலகை மேல் அடுக்குங்கள்.

2. உப்பு மூட்டைக்குத் தனி இடம் ஒதுக்குங்கள்.

3. கூரை நீரும் சாக்கடை நீரும் அடிச்சுவரில் தேங்காமல் வழி செய்யுங்கள்.

4. பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி அள்ளி வெளியே கொட்டுங்கள். கழுவினால் கரைந்து மீண்டும் உள்ளே போகும்.

5. ஈரத்தின் வழியை அடைக்காமல் உட்புறம் கெட்டி சிமெண்டு பூசாதீர்கள். வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறும்.

6. புதுக் கட்டடத்தில் தரைமட்டத்துக்கு மேலே ஈரத்தடுப்புப் படுகை போடச் சொல்லுங்கள். கொத்தனார் இதை டி.பி.சி. என்பார்.

கல்லில் மிச்சம் பிடிக்கும் காசு, சில மழைக்காலத்தில் கெட்ட சரக்காக நம் கையை விட்டுப் போய்விடும். கல் வாங்கும் நாளில் தராசை ஒருமுறை எடுத்துப் பிடிப்போம்.