கண்டதை வரைதல்

வானியல் என்றவுடன் பெரிய தொலைநோக்கிகளும் அழகிய ஒளிப்படங்களுமே நம் நினைவிற்கு வருகின்றன. ஆயின், வானத்தைப் படம்பிடிக்கும் கருவி தோன்றுமுன், அறிஞர் தாம் கண்ட காட்சியைப் பிறர்க்குக் காட்டுதற்கு வழி ஒன்றே இருந்தது. அது கையால் வரைந்து காட்டுதலாகும்.

எழுமீன் கூட்டத்தின் வால்முனையில் உள்ள விண்மீனுக்கு அருகே, வெறுங்கண்ணுக்குப் புலனாகாத மங்கிய ஒளி ஒன்று உளது. பிரெஞ்சு நாட்டு அறிஞர் சார்லசு மெசியே 1773ஆம் ஆண்டில் அதனைக் கண்டார். தம் பட்டியலில் 51 என்னும் எண் இட்டுக் குறித்தார். பின்னர் ஆங்கில அறிஞர் ஜான் ஹெர்ஷல், பதினெட்டேகால் அங்குல ஆடியுடைய தொலைநோக்கியால் அதனை ஆராய்ந்தார். நடுவே ஒளி மிக்க ஓர் உருண்டையும், அதனைச் சூழ்ந்து, ஒரு பக்கத்தில் இரண்டாகப் பிளந்த வளையமும் அவர் வரைந்த படத்தில் இருந்தன.

அந்நாளில் அயர்லாந்தில், பர் என்னும் ஊரில் ராஸ் பிரபு வாழ்ந்தார். அவர் செம்பையும் வெள்ளீயத்தையும் உருக்கி, 72 அங்குல விட்டமும் ஏறத்தாழ 3 டன் எடையும் உள்ள ஆடியை வார்த்தார். விரைந்து குளிர்ந்தால் அவ்வுலோகம் வெடித்துவிடும். ஆதலின், அதனைப் பல வாரங்கள் சூளையில் வைத்து மெல்ல ஆறவிட்டார். 1845ஆம் ஆண்டின் இளவேனிலில் அப்பெருங் கருவி 51ஆம் எண்ணின் பக்கம் திரும்பியது. என்னே வியப்பு! வளையம் எனக் கருதப்பட்டது நீர்ச்சுழி போல வளைந்தோடும் ஒளிக்கரங்களாகத் தோன்றியது. பிரபு அதனைப் பொறுமையோடு வரைந்தார். அவ்வாண்டிலேயே அப்படம் கேம்பிரிட்ஜில் கூடிய அறிஞர் அவையில் காட்டப்பட்டது.

அதே ஆண்டில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்று அழிந்தது, கொடும்பஞ்சம் வந்தது. பிரபு தம் வானாராய்ச்சியை நிறுத்திவிட்டு, மக்களின் துயர் துடைக்கும் பணியில் ஈடுபட்டார். சில ஆண்டுகள் கழிந்த பின்னரே தொலைநோக்கியிடம் மீண்டார்.

அச்சுழல் நம் பால்வழிக்கு அப்பால், ஏறத்தாழ 3 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ள மற்றொரு விண்மீன் மண்டலம் என்பதை இன்று அறிவோம். ஹெர்ஷல் வளையம் வரைந்தது பொய்யாகுமா? ஆகாது. தம் கருவி காட்டியதை அவர் உள்ளவாறே வரைந்தார். அதனாலன்றோ, பெரிய கருவி புதிதாகக் காட்டியது எது என்பதை உலகம் ஒப்பிட்டு அறிந்தது!

இக்கலை இன்றும் மறைந்துவிடவில்லை. ஆர்வலர் சிலர் தாளுக்கு மாறாக டேப்லட் என்னும் பலகைக் கணினியில் வரைகின்றனர். இருளுக்குக் கண் பழகுதற்கு அரைமணி நேரம் வேண்டும். திரையின் ஒளி அப்பழக்கத்தை நொடியில் கெடுத்துவிடும். ஆகவே, திரைமீது சிவப்புத் தகடு பொருத்தி, ஒளியை மிகக் குறைத்துக்கொள்கின்றனர். கரிய பின்புலத்தில் முதற்கண் விண்மீன்களைப் புள்ளிகளாகக் குறிக்கின்றனர். அவற்றை அளவுகோலாகக் கொண்டு, வேறோர் அடுக்கில் மங்கிய ஒளியைத் தீட்டுகின்றனர். நேரே நோக்கினால் மறையும் ஒளி, பார்வையைச் சற்று விலக்கினால் புலப்படும். ஒருமுறை தோன்றியது மெய்தானா என்று பலமுறை நோக்கிய பின்னரே கோடு இடுகின்றனர்.

இங்கு ஓர் இடர் உண்டு. சுழற்கரங்களை ஒளிப்படங்களில் நாம் முன்பே கண்டிருக்கிறோம். சிறிய தொலைநோக்கியில் இரண்டு மங்கிய திட்டுகளே தெரிந்தபோதும், கரங்களையும் சேர்த்து வரையுமாறு மனம் தூண்டும். கணினியிலோ அழகு கூட்டுதல் மிக எளிது. அவ்வாறு வரைந்த படம் கண்ணைக் கவரலாம். ஆயின், அது கண்டதற்குச் சான்றாகாது.

மாணவர்களே! தாளாயினும் திரையாயினும் கருவி எதுவாயினும் ஆகுக. கண்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் பதிவு செய்யும் நேர்மையே அறிவியலின் உயிர்நாடி. இரண்டு திட்டுகளே தெரிந்தால், இரண்டு திட்டுகளையே வரைக.